22 வருடத்தில் 22 மாதம்

ஸ்டோர் கீப்பராக வேலை பார்த்தவனுக்குக் கணக்குப் போடாமல் எதையும் சொல்ல வராது. அதனால் கணக்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

1984-இல் ஓமன் நாட்டுக்குப் போனேன். 1986-இல் கல்யாணம். 2008-இல் ஒரேயடியாக ஊர் திரும்பினேன். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை இரண்டு மாதம் விடுமுறை கிடைக்கும். கல்யாணத்துக்கு வந்ததையும் சேர்த்து 2006 வரை பதினோரு தடவை வந்திருக்கிறேன். ஆக, கல்யாணமாகி 22 வருடத்தில் நானும் என் மனைவியும் ஒரு கூரையின் கீழ் இருந்தது 22 மாதம்.

வேலையை விட்டு வரும்போது கம்பெனியில் கணக்குத் தீர்த்துக் கொடுத்தார்கள். 2003-ஆம் வருடத்து ஓமன் தொழிலாளர் சட்டப்படி, எங்களைப் போன்ற வெளிநாட்டுத் தொழிலாளிக்கு முதல் மூன்று வருடத்துக்கு வருடம் 15 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்கு மேல் வருடத்துக்கு ஒரு மாதம் என்று பணிக்கொடை. என் 24 வருடத்துக்கு அது இருபத்திரண்டரை மாதச் சம்பளம் வந்தது. ஓய்வூதியம் எதுவும் கிடையாது. இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் ஊரோடு ஒத்துப்போகச் சிரமப்படுவதைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். தூசி, சத்தம், பேருந்து, லஞ்சம் என்று பட்டியல் நீளும். ஊர் ஆறு மாதத்தில் பழகிவிடும். வீடு பழகத்தான் நாளாகும். அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

எனக்கு மயிலம் பக்கத்தில் ஒரு சின்ன கிராமம். படித்தது திண்டிவனத்தில். மனைவிக்குப் பிறந்த ஊரே திண்டிவனம். அண்ணன் நிலத்தைப் பார்த்துக்கொண்டார். மணிலாதான் எங்கள் பக்கத்துப் பயிர். திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருப்பதும், டி.எம்.வி. என்று தொடங்கும் மணிலா ரகங்களில் அந்த மூன்று எழுத்தும் நம் திண்டிவனத்தைக் குறிப்பதும் இங்கே பலருக்குத் தெரிந்த விஷயம். ஆனால் மானாவாரி மணிலாவை நம்பி இரண்டு குடும்பம் பிழைக்க முடியாது. ஒருவன் வெளியே போக வேண்டும். தம்பியான நான் போனேன்.

மஸ்கட்டில் ரூவி என்னும் பகுதியில் ஒரு கட்டடக் கம்பெனியின் ஸ்டோர். சிமெண்டு, கம்பி, பைப்பு, பெயின்ட். ஒரு அறையில் நான்கு பேர். குடும்பத்தைக் கூட்டிப்போகிற அளவுக்குச் சம்பளம் இல்லை. அதனால் மனைவி இங்கே, நான் அங்கே. ஓரங்களில் சிவப்பும் நீலமும் கோடு போட்ட விமானத் தபால் உறை போய்ச் சேரப் பத்து நாள், பதில் வரப் பத்து நாள். கேசட்டில் பேசி, ஊருக்குப் போகிற ஆள் யாரிடமாவது கொடுத்தனுப்புவோம். குழந்தைகள் என் குரலைத் தெரிந்துகொண்டது டேப் ரெக்கார்டரில்தான். பிறகு எஸ்.டி.டி. பூத், அதற்கும் பிறகு செல்போன்.

இந்த 22 வருடத்தில் என் மனைவி என்னென்ன செய்தாள் என்று எழுதினால் அது தனிப் புத்தகம் ஆகும். முதலில் கிராமத்தில் கூட்டுக் குடும்பம். பிள்ளைகள் படிப்புக்காகத் திண்டிவனத்தில் வாடகை வீடு. என் அம்மாவைத் தன்னோடு வைத்துப் பார்த்துக்கொண்டாள். 1997-இல் அம்மா போனபோது நான் வந்து சேர்ந்தது பதினாறாம் நாள் காரியத்துக்கு. அதற்குள் எல்லாவற்றையும் அண்ணனும் அவளும் முடித்துவிட்டிருந்தார்கள். 1999-இல் விழுப்புரத்தில் மனை வாங்கி வீடு கட்டியதும் அவள்தான். மேஸ்திரியோடு சண்டை போட்டதும் அவள்தான், பட்டா மாற்றத்துக்கு நடையாய் நடந்ததும் அவள்தான். நான் டிராஃப்ட் அனுப்பினேன். அந்த வீட்டை நான் முதன்முதலில் பார்த்தது கிரகப்பிரவேசம் முடிந்து ஒரு வருடம் கழித்து, 2000-ஆம் வருட விடுமுறையில். எந்த சுவிட்ச் எந்த விளக்குக்கு என்று என் மகள் எனக்குக் காட்டினாள்.

விடுமுறையில் வருகிறவன் ராஜா. பெட்டியைத் திறந்தால் பால் பவுடர், தைலம், சென்ட், சோப்பு, ஜப்பான் டார்ச். வாசலில் எப்போதும் நாலு செருப்பு கிடக்கும். தினம் ஒரு வீட்டில் விருந்து. கறிக்குழம்பு வைத்து அலுத்துவிட்டதென்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஏனென்றால் அறுபதாவது நாள் இவன் போய்விடுவான். ஒரேயடியாகத் திரும்பி வந்தவனுக்கு அந்த அறுபது நாள்தான் கெடு. எனக்கும் அப்படித்தான். மூன்றாவது மாதத்தில் ஒருநாள் சாயங்காலம் வாசலைப் பார்த்தேன். என் செருப்பு மட்டும் இருந்தது.

ஊரும் மாறித்தான் போயிருந்தது. நான் புறப்பட்டபோது தென்னாற்காடு மாவட்டத்துக்காரன். கலெக்டரைப் பார்க்கக் கடலூர் போக வேண்டும். 1993 செப்டம்பர் 30-இல் விழுப்புரம் தனி மாவட்டம் ஆனது. ரயில் விஷயத்தில் விழுப்புரம் அன்றும் இன்றும் பெரிய ஊர்தான். செங்கல்பட்டு, விருத்தாசலம், கடலூர், புதுச்சேரி, காட்பாடி என்று ஐந்து திக்கிலும் பாதை பிரிகிற சந்திப்பு. ஆனால் நான் போன காலத்து மீட்டர்கேஜ் வண்டி இப்போது இல்லை. சென்னை போகும் சாலை நான்கு வழியானபோது ஓரத்துப் புளியமரங்களும் போய்விட்டன. திண்டிவனத்தின் பெயரே திந்திரிணி வனம், அதாவது புளியங்காடு என்பதிலிருந்து வந்தது என்பார்கள். சின்ன வயதில் மயிலத்திலிருந்து திண்டிவனத்துக்கு நிழலிலேயே சைக்கிள் மிதித்த ஞாபகம். பேர் மட்டும் இருக்கிறது, மரம் இல்லை.

உடம்புக்கும் சில பழக்கங்கள் விடவில்லை. ஓமனில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடும். நான்குமுனை சந்திப்பில் சாலையைக் கடக்கும்போது ரொம்ப நாள் வரை தலை முதலில் இடப்பக்கம் திரும்பும், வண்டி வலப்பக்கமிருந்து வரும். அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை. இங்கே வெள்ளிக்கிழமை காலையில் எழுந்ததும் மனசு தானாகச் சோம்பல் முறிக்கும். ஞாயிற்றுக்கிழமை வேலை நாள் போலப் பரபரக்கும். இதெல்லாம் சிரித்துக்கொண்டே கடந்துவிடலாம்.

வீட்டு விஷயம் அப்படி இல்லை.

பால்காரர் வாசலில் நின்று என்னைப் பார்த்து, "அம்மா இல்லீங்களா?" என்பார். கேஸ் கொண்டுவருகிறவரும் அப்படியே. பக்கத்து வீட்டில் யாராவது என்னை அறிமுகம் செய்தால், "அந்தம்மா வீட்டுக்காரரு" என்பார்கள். ரூவியில் நான் இல்லாமல் ஒரு ஆணி வெளியே போகாது. நாலு சைட்டுக்காரன் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவான். இங்கே என் வீட்டு வாசலில் எனக்கு என் மனைவியின் பெயரால்தான் அடையாளம்.

ரேஷன் கார்டு கதையும் இதே கதைதான். நான் வெளிநாட்டில் இருந்ததால் என் பெயர் கார்டில் இல்லை. சேர்க்கலாம் என்று வட்ட வழங்கல் அலுவலகத்துக்குப் போனேன். மனுவை வாங்கிப் பார்த்தவர் மரியாதையாகத்தான் சொன்னார்.

"குடும்பத் தலைவர் கையெழுத்து வேணும் சார்."

"நான்தானே தலைவர்?"

"கார்டுல அம்மா பேருங்க. அவங்க போட்டாத்தான் உங்கள சேக்க முடியும்."

வீட்டுக்கு வந்து மனுவை நீட்டினேன். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுசாகப் படித்தாள். அரிசி அளக்கிற மாதிரி நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். "சேத்துக்கறேன், பொழச்சிப் போங்க" என்றாள். இருவரும் சிரித்தோம். அன்று ராத்திரி படுத்த பிறகு அந்தக் கையெழுத்து எனக்கு வேறு மாதிரித் தோன்றியது. விளையாட்டாகச் சொன்னாலும் அதுதான் நிலவரம். இருக்கிற குடும்பம் ஒன்றில் நான் சேர மனுப் போட்டிருந்தேன்.

பணக் கணக்கை மாற்றுவதும் ஒரு சேர்க்கைதான். இப்போது திரும்பிவர இருக்கிறவர்களுக்கு உதவும் என்பதால் சொல்லிவைக்கிறேன். அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி, ஒரேயடியாகத் திரும்பியதும் என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. கணக்குகளை உள்ளூர்க் கணக்காக மாற்றச் சொல்லிப் பேங்கில் எழுதிக் கொடுக்க வேண்டும். என்.ஆர்.இ. வைப்பு வட்டிக்கு வரி இல்லை என்ற சலுகை, நாம் வெளிநாட்டில் வசிப்பவராக இருக்கும்வரைதான். எஃப்.சி.என்.ஆர். வைப்பு முதிர்வுத் தேதி வரை ஓடலாம். டாலரோ ரியாலோ கொண்டுவந்ததை வெளிநாட்டுப் பணமாகவே வைத்துக்கொள்ள ஆர்.எஃப்.சி. என்று ஒரு கணக்கு உண்டு. வருமான வரியில் இன்னொரு விஷயம். முந்தைய 10 வருடத்தில் 9 வருடம் வெளிநாட்டில் வசிப்பவராகக் கணக்கிடப்பட்டிருந்தாலும், முந்தைய 7 வருடத்தில் இந்தியாவில் மொத்தம் 729 நாளுக்கு மேல் இல்லாமல் இருந்தாலும், சாதாரணமாக வசிக்காதவர் என்று ஒரு நடுநிலைத் தகுதி கொடுக்கிறார்கள். அதுவரை வெளிநாட்டில் வரும் வருமானத்துக்குப் பொதுவாக இங்கே வரி கிடையாது. பெரும்பாலும் இரண்டு மூன்று வருடம் இந்தத் தகுதி கிடைக்கும்.

அந்த வரி விவரத்தை எனக்கு விளக்கியவர் போன பிறகு நினைத்துக்கொண்டேன். சர்க்கார்கூடத் திரும்பி வந்தவனை மறுநாளே உள்ளூர்க்காரனாக எழுதிவிடவில்லை. இரண்டு வருடம் தவணை கொடுக்கிறது. வீட்டுக்கும் அந்தத் தவணை வேண்டாமா?

ஒரு வீட்டில் இரண்டு ஸ்டோர் கீப்பர் இருந்தால் என்ன ஆகும்? மிளகாய்த் தூள் டப்பாவும் மல்லித் தூள் டப்பாவும் இடம் மாறும். அவளுக்கு அவள் அடுக்கிவைத்த முறை. எனக்குப் பேர் எழுதி ஒட்டிய முறை. சாவிக்கொத்து அவள் இடுப்பில். அதை நான் கேட்டதும் இல்லை, அவள் கொடுத்ததும் இல்லை. எனக்கு நன்றாகச் சமைக்க வரும். நாலு பேர் அறையில் முறை வைத்துச் சமைத்தவன் நான். ஆனால் அடுப்படிப் பக்கம் போனால் அவள் கை நின்றுவிடும். "என்னா வேணும்?" என்பாள். கடையில் கேட்பது போலிருக்கும். கோபம் கிடையாது. அத்தனை வருடமாக அந்த அடுப்படியில் இன்னொரு ஆள் நின்றது இல்லை, அவ்வளவுதான்.

இந்தச் சமயத்தில் எனக்கு அடிக்கடி ஞாபகம் வந்தது நிஸ்வா. மஸ்கட்டிலிருந்து உள்நாட்டில் மலையடிவாரத்தில் இருக்கும் பழைய ஊர். ஒரு வெள்ளிக்கிழமை நண்பர்களோடு போயிருந்தேன். அங்கே ஃபலஜ் என்கிற வாய்க்கால் உண்டு. ஊற்றுத் தண்ணீரைப் பல மைல் கொண்டுவந்து பேரீச்சந்தோப்புகளுக்குப் பிரித்துவிடுவார்கள். 2006-இல் அப்படி ஐந்து வாய்க்கால்களை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நிஸ்வாவின் ஃபலஜ் தாரிஸ் அதில் ஒன்று. தண்ணீரைப் பிரிப்பது நேரக் கணக்கில். பகலில் கோல் நட்டு அதன் நிழலைப் பார்ப்பார்கள், ராத்திரியில் நட்சத்திரம் பார்ப்பார்கள். நம்ம ஊர் ஏரிப் பாசனத்திலும் முறை உண்டு. மடை திறந்திருக்கும்போது வயலுக்கு வராதவன், அடுத்த சுற்று வரை காத்திருக்க வேண்டியதுதான். இடையில் வந்து, "என் தண்ணீர் எங்கே?" என்று கேட்டால் யார் வயலிலிருந்து எடுத்துக் கொடுப்பது?

நாலாவது மாதம் ரூவியிலிருந்து பழைய மேனேஜர் போன் செய்தார். புது சைட் தொடங்குகிறார்கள், நம்பிக்கையான ஆள் வேண்டும், இரண்டு வருட ஒப்பந்தம், சம்பளம் முன்பைவிடக் கூட. ஒரு வாரத்தில் பதில் சொல் என்றார். போனை வைத்தபோது எனக்கு உடம்பே லேசான மாதிரி இருந்தது. எனக்குத் தெரிந்து திரும்பிவந்து ஒரு வருடத்துக்குள் மறுபடி போனவர்கள் பலர். பணத்துக்காக மட்டும் போனார்கள் என்று சொல்ல மாட்டேன். அங்கே அவர்களுக்கு ஒரு நாற்காலி இருந்தது.

இரண்டு நாள் கழித்து மனைவியிடம் சொன்னேன். சாயங்காலம். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் பேசினாள்.

"போறதா இருந்தா இப்பவே போயிடுங்க. பழகினப்புறம் போவாதீங்க."

அவ்வளவுதான் சொன்னாள். நான் வந்ததிலிருந்து அவளும் பழகிக்கொண்டிருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை அறுபது நாள் பழகி, அறுபத்தொன்றாம் நாள் அதை விட்டுவிடுவது. இப்படிப் பதினோரு தடவை செய்தவள். பன்னிரண்டாவது தடவை பழகலாமா வேண்டாமா என்று தெரியாமல்தான் அந்த நாலு மாதமும் அவள் என்னிடமிருந்து ஒரு கை தூரத்தில் நின்றிருக்கிறாள். சாவிக்கொத்தும், டப்பா வரிசையும், "என்னா வேணும்?" என்ற கேள்வியும் அந்த ஒரு கை தூரம்.

மறுநாள் மேனேஜருக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

எனக்கு யோசிக்க ஒரு வாரம் இருந்தது. நம் பக்கத்தில் எத்தனையோ பேருக்கு ஒரு நாள்கூட இருந்ததில்லை. 1960-களில் பர்மாவில் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது, அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர்கள் வெறும் கையோடு கப்பலேறி வந்தார்கள். சென்னை கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள பர்மா பஜார் அவர்கள் பிழைப்புக்கு உண்டானது. 1990 ஆகஸ்டு 2-இல் ஈராக் குவைத்துக்குள் புகுந்தபோது நான் ரூவியில் ரேடியோவைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். அங்கிருந்த இந்தியர்கள் பாலைவனம் கடந்து ஜோர்டான் போய்ச் சேர்ந்தார்கள். இரண்டு மாதத்தில் சுமார் 1,70,000 பேரை அம்மான் நகரத்திலிருந்து ஏர் இந்தியா ஏற்றிவந்தது. ஒற்றைப் பையோடு வந்தவர்கள் எத்தனையோ பேர். 2020 மே மாதம் கொரோனாக் காலத்தில் வந்தே பாரத் விமானங்களில் வந்தவர்களுக்கும் அதே கதி. மரக்காணம் பக்கம் கடற்கரைச் சாலையில் போனால் கீழ்ப்புத்துப்பட்டில் ஈழத் தமிழர் முகாம் இருக்கிறது. திரும்பிப் போவது என்ற சொல்லுக்கு அங்கே இருப்பவர்களிடம் என்ன அர்த்தம் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

கேரளாவில் வெளிநாடு போனவர்களுக்காக 1996-லேயே நோர்கா என்று ஒரு துறை ஏற்படுத்தினார்கள். நம் தமிழ்நாட்டிலும் இப்போது ஜனவரி 12 அயலகத் தமிழர் நாள். நல்லதுதான். போனவனுக்கு ஒரு நாள் கிடைத்தது. இங்கே இருந்து வீட்டை நிறுத்திப் பிடித்தவளுக்கு எந்த நாளும் இல்லை.

மேனேஜருக்கு வரவில்லை என்று சொன்ன வாரத்திலேயே என் மனைவி ஒரு ஏற்பாடு செய்தாள். "வெள்ளிக்கெழம சமையல் உங்க மொறை. உங்களுக்கு லீவு நாள்தானே" என்றாள். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் கவுச்சி கிடையாது. ரூவியில் நான் பேர் வாங்கியது கோழி பிரியாணியில். அதனால் சாம்பாரையும் உருளைக்கிழங்கு வறுவலையும் வைத்துத்தான் என் பெருமையைக் காட்ட வேண்டியிருந்தது. முதல் வெள்ளிக்கிழமை அவள் அடுப்படி வாசலிலேயே நின்றாள். இரண்டாவது மாதம் கூடத்தில் உட்கார்ந்தாள். பிறகு அந்த நேரத்தில் கோயிலுக்குப் போக ஆரம்பித்தாள்.

2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் வந்தது. 30-ஆம் தேதி காலை புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரை கடந்தது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் விழுந்து கிடந்ததை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். முதல் நாளே என் மனைவி வேலையைத் தொடங்கிவிட்டாள். டிரம்மிலும் குடத்திலும் தண்ணீர் பிடித்தாள். மோட்டாரைக் கழற்றி மேலே ஏற்றினாள். பத்திரம், பட்டா, பிள்ளைகள் சர்டிபிகேட் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் கட்டிப் பரணில் போட்டாள். நான் பின்னாலேயே நடந்து எடுத்துக் கொடுத்தேன். இருவரும் சேர்ந்து பார்த்த முதல் புயல் அது. எங்கள் தெருவில் நாலு நாள் மின்சாரம் இல்லை.

அதில் ஒரு ராத்திரி, மெழுகுவத்தி வெளிச்சத்தில், 2007 ஜூனைப் பற்றிக் கேட்டேன். அந்த மாதம் ஓமனை கோனு புயல் தாக்கியது. மழையே பார்க்காத ஊரில் வறண்டு கிடந்த ஓடைகளில் வெள்ளம் வந்து சாலைகளையும் கார்களையும் அடித்துக்கொண்டு போனது. சுமார் ஐம்பது பேர் இறந்தார்கள். அங்கே குடிநீர் கடல்நீரைச் சுத்தம் செய்து வருவது. அதுவும் நின்று, தண்ணீர் லாரிக்கு வரிசையில் நின்றோம். போனும் கிடையாது. நாலு நாள் கழித்துத்தான் வீட்டுக்குப் பேச முடிந்தது. அப்போது, "நல்லாருக்கியா, நல்லாருக்கேன்" என்பதோடு பேச்சு முடிந்துவிட்டது.

"அந்த நாலு நாளு என்னா பண்ணே?" என்றேன்.

"உங்க நம்பருக்குப் போட்டுக்கினே இருந்தேன். ஒருத்தி அரபியில என்னமோ சொல்லிக்கினே இருந்தா. என்னா சொல்றான்னு தெரியல. ஆனா நாலு நாளும் எங்கிட்ட பேசினது அவதான்."

மெழுகுவத்தி அணைந்த பிறகும் பேசிக்கொண்டிருந்தோம். 22 வருடத்தில் பேசாமல் விட்டதில் ஒரு பங்கு அந்த நாலு ராத்திரியில் தீர்ந்திருக்கும்.

போன வருடங்களில் மகள் பெங்களூரில் குடியேறினாள். 2024 நவம்பரில் அவளுக்கு இரண்டாவது பிரசவம். மனைவி போயிருந்தாள். நான் விழுப்புரத்தில் தனியாக. அப்போதுதான் ஃபெஞ்சல். நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கம் கரை ஏறி, நகராமல் நின்று கொட்டியது. மயிலத்தில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டர் அளவுக்கு மழை. நான் பிறந்து வளர்ந்த பக்கம் அப்படி ஒரு மழையை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. விழுப்புரம் புதிய பேருந்து நிலையத்தில் தண்ணீர். விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே ரயில் பாலத்தைத் தொட்டு வெள்ளம் ஓடி, ரயில்கள் நின்றன. எங்கள் வீட்டுக்குள் கணுக்கால் அளவு. ஒன்றரை நாள் போன் இல்லை.

மறுநாள் சாயங்காலம் கோபுரம் உயிர் பெற்று மணி அடித்தது. எடுத்தேன்.

"மோட்டாரு?" என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை.

"முன்னாடி நாளே கழட்டி ஏத்திட்டேன்."

"பத்திரப் பை?"

"பரண்ல."

"தண்ணி?"

"மூணு டிரம்மு ரொம்பியிருக்கு. பக்கத்து வீட்டுக்கு ஒண்ணு குடுத்தேன்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. குழந்தை அழுவது கேட்டது. பிறகு குரல் இறங்கி, "சாப்டீங்களா?" என்றாள். அந்த ஒன்றரை நாள் அவள் எப்படி இருந்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். இந்தத் தடவை அரபியில் பேசுகிற பெண்கூட இல்லை.

பத்து நாள் கழித்து வந்தாள். வீடு முழுக்கச் சுற்றிப் பார்த்தாள். டப்பாக்களில் நான் பேர் எழுதி ஒட்டியிருந்தேன். அவள் கிழிக்கவில்லை. இடத்தை மட்டும் இரண்டு டப்பாவுக்கு மாற்றினாள். சாவிக்கொத்து இப்போது வாசல் ஆணியில் தொங்குகிறது. யார் வெளியே போகிறோமோ அவர்கள் எடுத்துக்கொள்கிறோம்.

திரும்பிவர நாள் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பிகள் சிலர் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். என்ன தொழில் தொடங்கலாம், மனை எங்கே வாங்கலாம் என்று. அது எனக்கு அவ்வளவாகத் தெரியாது. எனக்குத் தெரிந்தது மூன்றுதான். பேங்கில் போய் முதல் மாதமே கணக்கை மாற்றிவிடுங்கள். இரண்டு வருடம் வீட்டில் எந்தப் பொருளையும் இடம் மாற்றாதீர்கள். மறுபடி போகிற எண்ணம் மனதில் இருந்தால், வீட்டுக்காரியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர்களும் பழக வேண்டும் அல்லவா? இல்லையென்றால் ரேஷன் கார்டில் பேர் ஏறும், வீட்டில் ஏறாது.